லீக் ஆகிற மைக்ரோவேவும் பாதி விலைக் கணக்கும்

வீட்டுச் சாமான் ரிப்பேர் பற்றி எழுதுகிறவர்கள், பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரு கணக்கைக் கையில் வைத்திருக்கிறார்கள். ரிப்பேர் செலவு புதுசின் விலையில் பாதிக்கு மேல் போனால் ரிப்பேரை விட்டுவிடு, புதுசு வாங்கு. சிலர் வயதையும் சேர்த்துக்கொள்வார்கள். பொருள் தன் ஆயுளில் பாதியைக் கடந்திருக்க வேண்டும், செலவும் பாதியைத் தாண்ட வேண்டும், இரண்டும் சேர்ந்தால் தூக்கிப் போடு. அமெரிக்க நுகர்வோர் பத்திரிகைகளில் புழங்கிய கணக்கு இது. தமிழ் யூடியூப் வழியாக இப்போது எங்க பந்தல்குடி வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

மிக்ஸி, ஃபேன், கிரைண்டர் அளவில் இதில் பெரிய தப்பு இல்லை. காயில் எரிந்த ஃபேனுக்குக் காயில் கட்ட எவ்வளவு, புது ஃபேன் எவ்வளவு, அவ்வளவுதான் விஷயம். மோசமாகக் கட்டினால் ஃபேன் மறுபடியும் நின்றுபோகும். நஷ்டம் காசு மட்டும்தான். லீக் ஆகிற மைக்ரோவேவுக்கும் அதே கணக்கைப் போடச் சொல்லும்போதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. ஏன் ஒத்துவரவில்லை என்பதுதான் இந்தக் குறிப்பு. (நான் 'ஓவன்' என்றே எழுதப் போகிறேன். சில கையேடுகளில் 'அவன்' என்று போடுகிறார்கள். "அவனை ஈரத்துணியால் துடைக்கவும்" என்று படித்தால் எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது.)

எங்க வீட்டு ஓவன் எட்டு வருஷத்துச் சாமான். 20 லிட்டர், சூடு பண்ண மட்டும் ஆகிற சாதா மாடல். அம்மாவுக்குக் கை நடுக்கம் வந்த பிறகு கேஸ் அடுப்புப் பக்கம் விடுவதில்லை. மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் சோற்றையும் குழம்பையும் அவங்களே சூடு பண்ணிச் சாப்பிடுவது இந்தப் பெட்டியை நம்பித்தான். அதனால் "லீக் ஆகுதுப்பா" என்று அம்மா சொன்னபோது அதைச் சாமான் பிரச்சினை என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. தூக்கிப் போட்டால் ஒரு வாய் சுடுசோற்றுக்குப் பக்கத்து வீட்டைக் கூப்பிட வேண்டும். வைத்துக்கொண்டால் தினமும் அதற்கு முன்னால் போய் நிற்கப் போவதும் அவங்கதான்.

முதல் சிக்கல் 'லீக்' என்கிற சொல்லிலேயே இருக்கிறது. நம்ம ஊரில் அது ஒரு சாக்குப்பை மாதிரி, என்ன வேண்டுமானாலும் போடலாம். குழாய் லீக், கேஸ் லீக், கரண்ட் லீக், பரீட்சைக் கேள்வித்தாள் லீக். ஓவனில் மூன்று லீக் உண்டு: தண்ணீர், கரண்ட், மைக்ரோ அலை. காரணம், ஆபத்து, வைத்தியம் மூன்றும் ஒவ்வொன்றுக்கும் வேறு. யூடியூபில் ஒருவர் தண்ணீர் லீக்குக்குச் சொன்ன பதிலை இன்னொருவர் அலை லீக்குக்கு எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். எங்க வீட்டில் விசாரித்துப் பார்த்தால் அம்மா சொன்னது மூன்றையுமே. கதவுக்குக் கீழே தண்ணீர் தேங்குகிறது, தொட்டால் சுரீர் என்கிறது, கதவு ஒரு பக்கம் தொங்குகிறது.

தண்ணீரைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சோற்றிலும் குழம்பிலும் இருக்கிற ஈரம் ஆவியாகி, குளிர்ந்த கதவில் பட்டு, தண்ணீராகி, கீழே வடிகிறது. ஓவனுக்குள் தண்ணீர்த் தொட்டி எதுவும் கிடையாது, ஒழுகுவதற்கு. பாத்திரத்தை மூடாமல் வைத்தால் அதிகம் வடியும். காற்றுப் போக்கை அடைத்தாலும் அதிகம் வடியும். நம்ம வீடுகளில் ஓவனைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவைத்து, மேலே பூப்போட்ட துணி விரித்து, அதன் மேல் ஊறுகாய் ஜாடி வைப்பது வழக்கம். துணியை எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்துவைத்ததும் எங்க வீட்டில் தண்ணீர் பெரும்பாலும் நின்றுபோனது. செலவு ஒன்றுமில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. வடிகிற தண்ணீரைத் துடைக்காமல் வருஷக்கணக்கில் விட்டால் உள்ளே பெயிண்ட் உரிந்து துரு பிடிக்கும். தகரம் ஓட்டை விழுகிற அளவுக்குத் துரு போய்விட்டால் அது தண்ணீர்ப் பிரச்சினை இல்லை, மூன்றாவது லீக் ஆகிவிடும்.

கரண்ட் லீக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயம். கம்பெனி சர்வீஸிலிருந்து மதுரையிலிருந்து ஒரு தம்பி வந்தார். ஷாக் அடிக்கிறது என்றதும் டெஸ்டரை வைத்தார், எரிந்தது. "டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் போயிருக்கும் சார். மொத்தமா 3,800 ஆகும்" என்றார். அதே அளவு புது ஓவன் 6,900. பாதி விலைக் கணக்குப்படி 3,450-ஐத் தாண்டிவிட்டது, ஆகவே தூக்கிப் போடு. அவரும் அதைத்தான் சொன்னார், எக்ஸ்சேஞ்ச் ஆஃபரோடு.

டெஸ்டர் எரிவதற்கு டிரான்ஸ்ஃபார்மர் கெட்டிருக்க வேண்டும் என்று இல்லை. ஓவனுக்குள் கரண்ட் நுழைகிற இடத்தில் ஒரு ஃபில்டர் இருக்கும், பக்கத்து ரேடியோ டிவிக்குத் தொந்தரவு வராமல் தடுக்க. அதில் ஃபேஸிலிருந்து உடம்புக்கு ஒரு சின்னக் கெப்பாசிட்டர், நியூட்ரலிலிருந்து உடம்புக்கு ஒன்று. எர்த் சரியாக இருந்தால் அந்த நூலிழைக் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் ஓவனின் தகர உடம்பு சப்ளையில் ஏறக்குறைய பாதி, அதாவது 115 வோல்ட் வாக்கில் மிதந்துகொண்டிருக்கும். கரண்ட் மிகச் சின்னது, ஆனால் தொட்டால் சுரீர் என்னும், டெஸ்டரும் எரியும். அதாவது ஒரு குறையும் இல்லாத ஓவன்கூட எர்த் இல்லாத வீட்டில் 'லீக்' ஆகும்.

எர்த் இல்லாத வீடு என்றால் மூன்றாவது ஓட்டையில் ஒயரே இல்லாத வீடு மட்டும் இல்லை. எங்க பக்கம் கரிசல் மண். மழை பெய்தால் களியாக ஒட்டும். கோடையில் வெடித்து, கை நுழைகிற அளவுக்குப் பிளந்து கிடக்கும். எர்த் பைப்பைச் சுற்றியிருக்கிற மண் அப்படிச் சுருங்கி விலகினால் பைப்புக்கும் பூமிக்கும் தொடர்பே அறுந்துபோகும். காய்ந்த மண்ணுக்குக் கரண்டைக் கடத்துகிற சக்தியும் குறைவு. அந்தக் காலத்து வயர்மேன்கள் குழியில் கரியும் உப்பும் போட்டு, "கோடைக்கு அப்பப்ப ஒரு குடம் தண்ணி ஊத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனது இதற்காகத்தான். எங்க வீட்டுக் குழியில் கடைசியாக யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. உள்ளூர் வயர்மேன் அண்ணாச்சி ஒரு காலைப்பொழுதில் கிளாம்பில் இருந்த துருவைச் சுரண்டி, கரியும் உப்பும் மாற்றி, நாலு குடம் ஊற்றினார். சுரீர் நின்றது. ஓவனில் ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை.

ஆனால் எர்த் நன்றாக இருந்தும் ஷாக் அடித்தால், அல்லது பிளக்கைச் சொருகியதும் டிரிப் ஆனால், அது நிஜமான இன்சுலேஷன் கோளாறு. அப்போது விளையாடக் கூடாது. பழைய வகை ஓவன்களில் 2,000 வோல்ட் தருகிற டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு முனை தகர உடம்போடேதான் சேர்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கிற கெப்பாசிட்டரில் ஆளைச் சாய்க்கிற சார்ஜ் மிச்சம் இருக்கலாம். மிக்ஸியைப் பிரிக்கிற மாதிரி ஸ்குரூ டிரைவரோடு உட்காரக் கூடாத சாமான் வீட்டில் உண்டென்றால் அது இதுதான்.

இனி மூன்றாவது. 'கதிர்வீச்சு' என்று சொன்னதும் தென் மாவட்டக்காரர்களுக்கு 2011, 2012 கூடங்குளம் ஞாபகத்துக்கு வரும். அந்தச் சொல்லில் அணு உலையும் ஓவனும் ஒரே பையில் விழுந்துவிடுகின்றன. ஓவனில் இருப்பது அணுவை உடைக்கிற கதிர் இல்லை. 2.45 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை, வைஃபைக்குப் பக்கத்து வீடு. ஸ்விட்சை அணைத்தால் அந்த நொடியே அலை இல்லை, சாப்பாட்டில் தங்காது. அது செய்யக்கூடியது சூடு. நிறைய வெளியே வந்தால் தோலைச் சுடும். இரத்த ஓட்டம் இல்லாததால் சூட்டை வெளியேற்ற முடியாத கண் லென்ஸைப் புரை விழச் செய்யலாம்.

அதற்குத்தான் எல்லை. 1971 அக்டோபருக்குப் பிறகு செய்த ஓவன்களுக்கு அமெரிக்க விதி இப்படிச் சொல்கிறது: கதவிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில், ஆலையை விட்டு வரும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிவாட், அதன் பிறகு ஆயுள் முழுக்க 5 மில்லிவாட். உலகத் தர அமைப்புகளின் எல்லையும் இந்த 5-தான். தூரம் கூடக் கூட இது வேகமாகக் குறையும். 5 சென்டிமீட்டரில் இருப்பது 50 சென்டிமீட்டரில் சுமார் நூறில் ஒரு பங்கு. ஒரு எட்டு தள்ளி நின்றாலே பயத்தில் பெரும்பகுதி கழிந்துவிடும். 1973-இல் அமெரிக்காவின் பிரபல நுகர்வோர் பத்திரிகை எந்த மைக்ரோவேவையும் முழுப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்று எழுதி வியாபாரத்தையே கலக்கியது. அதற்குப் பிந்தைய ஐம்பது வருஷ அனுபவம் அந்தப் பயத்தின் பக்கம் நிற்கவில்லை. நல்ல கதவு உள்ள ஓவன் பயப்பட வேண்டிய பொருள் இல்லை.

நல்ல கதவு உள்ள ஓவன். அங்கேதான் நம்முடைய இன்னொரு தப்புக் கணக்கு. குக்கர் கேஸ்கட் தேய்ந்தால் ஆவி போகும், கடையில் புதுக் கேஸ்கட் வாங்கிப் போடுவோம். ஃபிரிட்ஜ் கதவு ரப்பரும் அப்படித்தான். ஓவன் கதவைச் சுற்றியிருக்கிற பிளாஸ்டிக்கையும் அதே வகை என்று நினைத்து "ரப்பர் மாத்தினா போதும்" என்கிறார்கள். அங்கே அலையை நிறுத்துவது ரப்பர் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. அந்தப் பிளாஸ்டிக் மூடிக்கு உள்ளே கதவைச் சுற்றி ஓடுகிற ஓர் உலோகப் பள்ளம். அலையின் நீளம் 12 சென்டிமீட்டரும் கொஞ்சமும், பள்ளத்தின் ஆழம் அதில் கால் பங்கு, 3 சென்டிமீட்டர் வாக்கில். உள்ளே போன அலை திரும்பி வரும்போது வெளியே போக முயல்கிற அலையை எதிர்த்து அடித்துவிடும். இடைவெளியை அடைத்து அல்ல, அளவை வைத்து ஏமாற்றித்தான் அது தடுக்கிறது. ஆகவே தேய்மானம் அதற்கு அவ்வளவு பிரச்சினை இல்லை. கதவு கோணினால், கீல் தொங்கினால், கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே எண்ணெய்ப் பிசுக்கு ஏறி நின்றால் அளவு மாறும். எங்க வீட்டுக் கதவு ஒரு முனையில் பென்சில் கனம் தொங்கியிருந்தது.

இந்த இடத்தில் எல்லா வீடியோவும் ஒரு சோதனை சொல்லும்: செல்போனை ஓவனுக்குள் வைத்துக் கதவை மூடி, இன்னொரு போனிலிருந்து கூப்பிடு, மணி அடித்தால் ஓவன் லீக். இது சோதனையே இல்லை. செல்போன் ஒரு மில்லிவாட்டில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு சிக்னல் கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளும், அதற்காகவே செய்த கருவி. டவரிலிருந்து வருகிற அலையைக் கதவு பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும், டவர் பக்கத்தில் இருக்கிற வீட்டில் மணி அடிக்கும். போதாததற்கு அந்த 3 சென்டிமீட்டர் பள்ளம் 2.45-க்கு அளந்து செய்தது. போன் பேசுகிற அலைவரிசைகள் வேறு. நல்ல ஓவனிலும் மணி அடிக்கும். டவர் எட்டாத ஊரில் உடைந்த ஓவனிலும் அடிக்காது. இரண்டு பக்கமும் தப்பாகப் போகிற இதைத் 'தமிழில் அறிவியல்' என்ற பெயரில் சொல்வதுதான் எனக்கு எரிச்சல். ஓவன் ஓடும்போது வைஃபை தடுமாறுவதும் அதே மாதிரி ஒன்றையும் நிரூபிக்காது, எல்லைக்கு வெகு கீழே இருக்கிற கசிவே அதைச் செய்யும்.

சரியான சோதனை இப்படி. 275 மில்லி தண்ணீரை உள்ளே வைத்து ஓடவிட்டு, முனையில் 5 சென்டிமீட்டர் தடுப்பு வைத்த மீட்டரைக் கதவு இடுக்கு முழுக்க மெதுவாக நகர்த்தி அளக்க வேண்டும். மீட்டர் யாரோ சரிபார்த்துச் சான்று கொடுத்ததாக இருக்க வேண்டும். ஆன்லைனில் வருகிற மலிவு மீட்டர்கள் செல்போனுக்கும் ஆடும், டியூப்லைட்டுக்கும் ஆடும்.

ஓவனை அருப்புக்கோட்டைக்கு எடுத்துப் போனேன். டிவி, ஓவன், இண்டக்ஷன் எல்லாம் பார்க்கிற ஒரு தம்பி, கைவேலை சுத்தம். கதவைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கீல் மாத்திப் போட்டுருவேன்ணே. 900 ரூவா ஆகும். கதவு கச்சிதமா ஒக்காரும். ஆனா வெளிய அலை வருதா இல்லியான்னு மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க. அத அளக்க எங்கிட்ட ஒண்ணும் கிடையாது."

கம்பெனி தம்பியிடமும் மீட்டர் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவர் இதைச் சொல்லவில்லை.

அருப்புக்கோட்டைத் தம்பி இன்னொன்றும் சொன்னார், அது என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கதவுக் கொக்கிக்குப் பின்னால் மூன்று குட்டி ஸ்விட்ச் இருக்கும். இரண்டு, கதவு திறந்ததும் ஓவனை நிறுத்த. மூன்றாவது ஒரு காவல்காரன். முதல் இரண்டும் சொன்னபடி நிற்காவிட்டால் வேண்டுமென்றே ஷார்ட் ஆக்கி ஃபியூஸை எரித்துவிடும். கதவு தொங்கினால் இந்த மூன்றும் மாறிமாறி அழுத்தி ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கும். "சில எடத்துல அத டைரக்ட் பண்ணி விட்டுருவாங்கண்ணே. ஓடும்." டைரக்ட் என்றால் என்ன என்று ரிப்பேர் கடைக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். மிதவை ஸ்விட்ச் கெட்டால் மோட்டாருக்கு டைரக்ட், ஸ்டெபிலைசர் கெட்டால் ஃபிரிட்ஜுக்கு டைரக்ட். நம்ம ஊர் மெக்கானிக்கின் சாமர்த்தியமே பாதி இந்த டைரக்டில்தான் இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஓவனில் டைரக்ட் பண்ணினால் கதவு திறந்திருக்கும்போதே உள்ளே எழுநூறு வாட் ஓடலாம். ஃபியூஸ் அடிக்கடி போகிற ஓவனுக்குக் கனமான கம்பியைச் சுற்றிக் கொடுப்பதும் அந்தக் காவல்காரனைக் கொல்கிற வேலைதான்.

பாதி விலைக் கணக்கு எங்கே உடைகிறது என்பது இப்போது தெரியும். ஷாக் விஷயத்தில் அது தூக்கிப் போடச் சொன்னது. தேவைப்பட்டது நாலு குடம் தண்ணீரும் கரியும். கதவு விஷயத்தில் 900 என்பது 3,450-க்கு வெகு கீழே, தாராளமாக ரிப்பேர் பண்ணச் சொல்கிறது. அங்கேதான் நான் ரிப்பேர் பண்ணவில்லை. ஃபேனில் கெட்ட ரிப்பேர் தானே காட்டிக்கொடுத்துவிடும், ஓடாது அல்லது முனகும். ஓவன் கதவில் நல்ல ரிப்பேரும் கெட்ட ரிப்பேரும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி. இரண்டிலும் விளக்கு எரியும், தட்டு சுற்றும், சோறு சூடாகும். விலையை மட்டும் கேட்கிற கணக்குக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது. அங்கே முதலில் கேட்க வேண்டியது எவ்வளவு என்பதல்ல, முடிந்த பிறகு யார் அளந்து சொல்வார் என்பது.

இதில் ஒரு பொதுவான வாதம் எட்டிப் பார்க்கும், அதையும் பேசிவிட வேண்டும். 'பாதுகாப்பு' என்று சொல்லித்தான் கம்பெனிகள் வெளி மெக்கானிக்குகளைக் கிட்டே சேர்ப்பதில்லை. பெரும்பாலும் அது சாக்கு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், ஸ்பேர் பார்ட்ஸை வெளிச் சந்தைக்குத் தராத 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடிக்கு மேல் அபராதம் போட்டது. 2021 மே மாதம் அமெரிக்க வர்த்தக ஆணையம் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில், ரிப்பேரைத் தடுக்கக் கம்பெனிகள் சொல்கிற காரணங்களுக்கு ஆதாரம் மிகக் குறைவு என்று எழுதியது. நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் ஓவன் கதவு, பாதுகாப்பு என்ற காரணம் நிஜமாகவே பொருந்துகிற அபூர்வ இடம். இங்கே "ரிப்பேர் என் உரிமை" என்ற கோஷத்தை மட்டும் வைத்து அருப்புக்கோட்டைத் தம்பியின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. "பாதுகாப்பு, ஆகவே தொடாதே" என்பதும் பதில் இல்லை.

பதிலின் ஒரு பாதி வேடிக்கையான இடத்தில் கிடக்கிறது. மேலே சொன்ன அமெரிக்க ஓவன் விதியிலேயே ஒரு பிரிவு இருக்கிறது. ஒவ்வொரு மாடலுக்கும் எப்படிச் சரிசெய்வது, கதிர்வீச்சில் சிக்காமல் எப்படி வேலை பார்ப்பது என்கிற சர்வீஸ் குறிப்புகளை டீலர்களுக்கு மட்டுமல்ல, கேட்கிற மற்றவர்களுக்கும் உற்பத்தியாளர் கொடுக்க வேண்டும். பழுது பார்க்கும் உரிமை என்று இப்போது போராடிக் கேட்கிற ஒன்றை, ஆபத்தான பொருள் என்ற அதே காரணத்துக்காக அங்கே கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆபத்து அதிகம் என்றால் விவரத்தை மூடிவைக்கக் கூடாது, அதிகம் பேருக்குச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பது அந்த விதியின் போக்கு. நம்ம ஊர் வாதங்களில் இது எடுபட்டு நான் பார்த்ததில்லை.

இந்தியாவில் நடந்தது என்ன? ஓவன் விற்பனைக்கு வரும் முன் ஐ.எஸ். 302 பாகம் 2, பிரிவு 25 தரப்படி சோதித்துப் பதிவு செய்ய வேண்டும். 2012-இல் வந்த கட்டாயப் பதிவு ஆணையின் முதல் பட்டியலிலேயே மைக்ரோவேவ் உண்டு. நல்லது. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்கென்று நிதி கரே தலைமையில் ஒரு குழு போட்டது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாமான், வாகனம் என்று நாலு துறை. அந்த வருஷம் டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் நாளில் ஓர் இணையதளமும் வந்தது. அப்புறம் 2024-இல் பழுது பார்க்கும் குறியீட்டுக்காக இன்னொரு குழு, பரத் கேரா தலைமையில். 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தார்கள். முதல் கட்டம் செல்போனும் டேப்லெட்டும். எவ்வளவு சுலபமாகப் பிரிக்கலாம், பார்ட்ஸ் கிடைக்குமா, விவரம் கிடைக்குமா, என்ன கருவி வேண்டும் என்று மதிப்பெண். பிரான்ஸ் 2021-இல் தொடங்கிய குறியீட்டின் சாயல். அதன் முதல் பட்டியலிலும் ஓவன் இல்லை.

இந்த அளவுகோல்கள் எல்லாம் திறப்பது பற்றியவை. திறக்க முடியுமா, உள்ளே மாற்ற முடியுமா. செல்போனுக்கு அது போதும், மூடிய பிறகு ஆன் ஆகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஓவனை நாளைக்கு இதே மதிப்பெண்ணுக்குள் கொண்டுவந்தால் சுலபமாகக் கழற்றக்கூடிய கதவுக்கு நல்ல மார்க் கிடைக்கும், கழற்றி மாட்டிய கதவைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அதேபோல ஐ.எஸ். சோதனையும் ஆலை வாசலில் ஒரு தடவை. அங்கிருந்து பந்தல்குடி அடுப்படியில் எட்டு வருஷம் கழித்து அந்தக் கதவை அளக்க யாரும் இல்லை. இத்தனைக்கும் அது பெரிய காரியமில்லை. தெருமுனை பெட்ரோல் பங்கில் வண்டிப் புகையை அளக்கிறார்கள், காய்கறிக் கடைத் தராசுக்கு முத்திரை வைக்கிறார்கள். ஒரு தாலுகாவுக்குச் சான்றுள்ள மீட்டர் ஒன்று, ஐ.டி.ஐ.யில் வைத்து, காசு வாங்கிக்கொண்டே அளந்து கொடுக்கலாம். அந்த ஒரு கருவி இருந்திருந்தால் என் கணக்கு 900 ரூபாயோடு முடிந்திருக்கும்.

இல்லாததால் இப்படி முடிவு செய்தேன். எல்லையை மீறியிருந்தால்கூட ஒரு எட்டு தள்ளி நிற்கிறவருக்கு ஒன்றும் ஆகாது என்பதை நான் நம்புகிறேன். நான் ஒருவனாக இருந்தால் கீலை மாற்றி வைத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அம்மா ஒரு எட்டு தள்ளி நிற்பவர் இல்லை. நடுக்கத்துக்குப் பிடிமானமாகக் கதவின் விளிம்பிலேயே கையை ஊன்றிக்கொண்டு, மணி அடிக்கும் வரை உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார். கீல் தொங்கியதும் அதனால்தான். எந்த இடத்தில் 5 மில்லிவாட் என்று எல்லை வைத்தார்களோ அந்த இடத்தில் அவங்க கையும் முகமும் இருக்கின்றன. யாரும் அளந்து சொல்லாத கதவுக்கு முன்னால் அவங்களை நிறுத்த முடியாது. புதுசு வாங்கி, பக்கத்தில் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் அடித்தேன். பாத்ரூமுக்கு விற்கிற கம்பிதான், 350 ரூபாய். புதுக் கதவைக் காப்பாற்றப் போவது அந்தக் கம்பி என்று நினைக்கிறேன்.

பழையது மிச்சம். 2022 மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கின்றன, மைக்ரோவேவும் அந்தப் பட்டியலில் உண்டு, பொறுப்பு உற்பத்தியாளருடையது. எங்க தெருவுக்கு வருவது பழைய இரும்பு வாங்குகிற அண்ணாச்சியின் டி.வி.எஸ். வண்டி. கதவு சரியில்லாத ஓவன் என்பதால் யாரும் மறுபடி ஓட்டக் கூடாது என்று ஒயரை அடியோடு வெட்டி, கதவைத் தனியாகக் கழற்றி வைத்திருந்தேன். அவர் பார்த்ததும் நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"அடடா, ஏன் அண்ணாச்சி வெட்டுனீக? முழுசா இருந்தா 600 குடுத்திருப்பேனே. செகண்ட்ஸ்ல போயிருக்கும். இப்ப வெறும் தகர வெலதான்."

தகர விலைக்கே கொடுத்தேன். கதவை மட்டும் கொடுக்கவில்லை.